ஓட்ஸ் துண்டுக்கு ரப்பிங் டெஸ்ட்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. முன்னதைப் பின்னே சொல்வேன், பின்னதை முன்னே சொல்வேன், பாதி மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனியில் எங்கள் மேஜைப் பெண்கள் ஓட்ஸ் செய்முறையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். செய்முறை மட்டும் தனியாக வரவில்லை. அது வந்த கதையும் சேர்ந்தே வருகிறது.

நான் மண்ணரை என்கிற ஊரில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் உருப்படியை விளக்குக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, நூல் பிசிறை வெட்டி அடுக்க வேண்டும். வாயைத் திறக்காமலே செய்யலாம் என்பதால் எனக்குத் தோதான வேலை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பகல் முழுக்கச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். மேஜையில் என்றால் ஏழு பெண்கள் பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கலாம்.

போன வருஷம் ஒரு காலை பத்தரை மணி இருக்கும். கையில் இருந்த சட்டை இரண்டாகத் தெரிந்தது. அப்படியே ஸ்டூலில் சாய்ந்துவிட்டேன். எங்கள் செக்கிங்கைப் பார்த்துக்கொள்கிற க்யூசி பெண் ஓடி வந்தாள். கணியூர்ப் பக்கத்துப் பெண், என் மகளாக இருக்கக்கூடிய வயது.

"ஏனுங்கம்மா, காலைல என்னங்க சாப்பிட்டீங்க?"

"டீ குடிச்சனுங்க."

"டீயெல்லாம் ஒரு சாப்பாடுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நான் ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகோணும். அப்பறம் அவங்க உங்கள ஊட்லயே இருக்கச் சொல்லிப்போடுவாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார். சர்க்கரை இல்லை, வெறும் வயிறுதான் வியாதி என்றார். ஆனால் ஏழேகாலுக்கு வேன் வந்துவிடும். அந்நேரத்துக்கு என் தொண்டையில் சோறு இறங்காது. வேனில் சாப்பிட்டால் ஆட்டத்தில் வயிறு புரளும். கம்பெனியில் சாப்பிடலாம் என்றால் கேன்டீன் மேல்மாடியில். அங்கே வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். யாராவது என் தட்டைப் பார்த்தால் எனக்கு ஒரு கவளம் உள்ளே போகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணப் பந்தியில்கூட இலையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு தின்றவள் நான்.

மருமகள்தான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

"அத்தை, இதப் பாருங்க. ஓட்ஸுல பழத்தப் போட்டு கேக்கு மாதிரி சுடறாங்க. சர்க்கரையே இல்ல. கொழம்பு, சட்னின்னு ஒழுகற வேலையும் இல்ல. ஒரு துண்ட டப்பாவுல வெச்சு, யாரும் பாக்காத நேரத்துல நாலு கடில முடிச்சுப்போடுங்க."

யாரும் பார்க்காத நேரத்தில் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது.

வீட்டில் ஓவன் கிடையாது, குக்கர்தான். முதல் தடவை பழக்கதோஷத்தில் குக்கரில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். விசிலும் வந்தது. திறந்தால் டப்பாவுக்குள் தளதளவென்று ஏதோ ஆடியது. மகன் கரண்டியால் தட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, இது களியா, கொழுக்கட்டையா? எந்த நோம்பிக்கு?"

இரண்டாம் தடவை மருமகள் பக்கத்திலேயே நின்றாள். நன்றாக வந்தது. வீடியோவில் நீலமாக ஏதோ சின்னப் பழம் போட்டிருந்தார்கள். அது நம் கடையில் இல்லை. நான் பன்னீர் திராட்சையைப் போட்டேன். வெந்து வெடித்து, பார்க்கவே அழகாக இருந்தது.

வேன் எட்டேகாலுக்குக் கம்பெனியில் இறக்கிவிடும், பெல் எட்டரைக்கு. அந்தக் கால்மணி நேரத்தில் எல்லோரும் வெளியே பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மேஜை ஓரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்றுவிடுவேன். மேஜைப் பக்கம் சாப்பிடும் பொருள் எதுவும் வரக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். எட்டு நாள் தலை சுற்றவில்லை.

எதிரே உட்காருகிறவள் திருநெல்வேலிக்காரி. இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"யக்கா, செவத்தப் பாத்து உக்காந்து எலி மாரி என்னத்தக் கொறிக்கிய?"

"ஓட்ஸுங்க."

"அது சீக்காளிகள்லா திம்பாக! குடுங்க பாப்போம்." வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். "அடியாத்தீ, நல்லால்லா இருக்கு! நாளைக்கு எனக்கும் ஒரு துண்டு."

ஒன்பதாம் நாள் வெள்ளைச் சரக்கு வந்தது. கைக்குழந்தைச் சட்டைகள், தும்பைப் பூ மாதிரி. முதல் சட்டையை விரித்துத் திருப்பினேன். நெஞ்சுப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஆதாருக்கு எடுத்த மாதிரி சுழி சுழியாக. என் விரல்தான். நகக்கண்ணில் திராட்சைச் சாறு ஒட்டியிருந்திருக்கிறது.

திருநெல்வேலிக்காரி எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா, சத்தங்காட்டாம கறைன்னு ஸ்டிக்கர ஒட்டி அந்தப் பக்கம் தள்ளுங்க. தையல்ல மெஷின் எண்ணெய் பட்டுட்டுன்னு நெனச்சுக்கிடுவாக."

"ஊதாக் கலர்ல எண்ணெய் இருக்குதுங்களா?"

"ஆமா, இப்பத்தான் வாயத் தொறந்து ஞாயம் பேசுதிய!"

தள்ளிவிட மனம் வரவில்லை. தையலில் இருக்கிற எந்தப் பெண்ணாவது அதற்குப் பேச்சு வாங்குவாள். ஒரு கையில் சட்டை, மறுகையில் என் டப்பா. க்யூசி பெண்ணின் மேஜைக்குப் போய் இரண்டையும் நீட்டினேன். அவள் சட்டையைப் பார்த்தாள், டப்பாவைத் திறந்து மோந்தாள்.

"திராட்சைங்களா?"

தலையை ஆட்டினேன்.

"மேசைகிட்டக் கொண்டாரக் கூடாதுன்னு தெரியுமல்லங்க?"

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏனுங்க?"

"மேல போயி எல்லாரு முன்னாலயும் திங்கக் கூச்சமா இருக்குதுங்க. இதத் தின்னா தல சுத்தறதில்லீங்க. ஊட்டுக்கு மட்டும் அனுப்பிப்போடாதீங்க கண்ணு."

அந்தக் கம்பெனியில் அதுவரைக்கும் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவள் சட்டையைக் கறை எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனாள். மருந்தை இரண்டு தடவை பீய்ச்சியடித்ததும் கறை போனது. எனக்கு உயிர் வந்தது.

"திங்கக்கெழம திராட்சை இல்லாமச் செஞ்சு கொண்டாங்க. சாயம் உடுதான்னு டெஸ்ட் பண்ணிப்போட்டுத்தான் திங்கலாமா வேண்டாமான்னு சொல்லுவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செய்ததுதான் நீங்கள் கேட்கிற செய்முறை. கனிந்த பூவன்பழம் நாலைந்து எடுத்துக் கட்டியில்லாமல் பிசைய வேண்டும். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஐந்தாறைப் பாலில் ஊறவைத்து அதில் மசிக்க வேண்டும். ஒரு ஆப்பிளைத் தோலோடு துருவிப் போட்டு, ஓட்ஸ் இரண்டு டம்ளர், பால் ஒரு டம்ளர், பட்டைத்தூள் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை, பேக்கிங் பவுடர் ஒரு சின்னக் கரண்டி சேர்த்துக் கலக்கி, நெய் தடவிய டப்பாவில் ஊற்ற வேண்டும். குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடியில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காயவிட வேண்டும். பிறகு டப்பாவை உள்ளே வைத்துச் சிறு தீயில் நாற்பது நிமிஷம். தண்ணீர் ஊற்றாதீர்கள். முக்கியமாக, சூட்டோடு வெட்டாதீர்கள், உதிர்ந்துவிடும்.

திங்கட்கிழமை பெல்லுக்கு முன்பே க்யூசி பெண்ணின் மேஜையைச் சுற்றிக் கூட்டம். சாயத்துணியை வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்களே, ரப்பிங் டெஸ்ட், அதையே அந்தப் பெண் ஓட்ஸுக்குச் செய்தாள். வெள்ளைப் பனியன் துண்டை விரலில் சுற்றி, என் ஓட்ஸ் துண்டின் மேல் பத்துத் தடவை தேய்த்தாள். இன்னொரு துணியை நனைத்து மறுபடியும் பத்து. இரண்டையும் மார்க் போடுகிற சாம்பல் நிற அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவள் சிரிக்கவே இல்லை.

"அஞ்சுக்கு டிரை ரப்பிங் நாலரைங்க. வெட் ரப்பிங் மூணுங்க."

"பாஸா பெயிலா, அதச் சொல்லுங்க! மார்க்க மட்டும் சொன்னா எங்களுக்கு என்ன வெளங்கும்?" என்றாள் திருநெல்வேலிக்காரி.

"நம்ம கருப்புத் துணியே வெட் ரப்பிங்குல ரெண்டரைதானுங்க வருது. அதயே கப்பல்ல ஏத்தறோம். இது பாஸுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தேய்க்காத ஓரத்தைக் கிள்ளித் தின்றுகொண்டே அந்தப் பெண் நிபந்தனை சொன்னாள். மேஜையில் கூடாது. வாசலுக்கு வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே வரலாம். ஆபீஸுக்கு எதுவும் போகாது.

பெஞ்சு என்றால் போகிற வருகிற அத்தனை பேரும் பார்க்கிற இடம். முதல் நாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திருநெல்வேலிக்காரி தன் துண்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, புருஷனைப் பற்றி ஊரே கேட்கும்படி புலம்ப ஆரம்பித்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் நிம்மதியாகத் தின்றேன். இப்போது அந்த பெஞ்சில் ஐந்து பேர் இருக்கிறோம். அதற்குப் பிறகு எனக்குத் தலை சுற்றவில்லை. என் ஸ்டூலும் என்னிடமே இருக்கிறது.

இதை மேஜையில் கொடுப்பதற்கு முன்னால் மருமகள் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். நாற்பது நிமிஷம் என்று எழுதியிருக்கிறேன், ஐம்பதோ என்னவோ. பேக்கிங் பவுடர் அளவும் சந்தேகம்தான். வெட் ரப்பிங் மூன்றா, மூன்றுக்கும் கீழேயா என்று க்யூசி பெண்ணிடம் கேட்டுத் திருத்திவிட வேண்டும்.