நான்காம் மாடிக்கு வாசல் இல்லை

தாயாரம்மாள் எனக்கு அக்கா முறை. அவள் அம்மாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அவளைப் பெருங்களத்தூர் சிட்டிபாபுவுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அன்றிலிருந்து ஐம்பத்தோரு வருஷம், ஒரு நாள்கூட மாமாவை விட்டு வெளியூரில் தங்கியதில்லை. பாலுவைப் பெற்றெடுக்கக்கூட அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அம்மாதான் இங்கே வந்து இருந்தாள்.

மாமாவுக்கு ஏரிக்குக் கீழே ஒன்றேகால் ஏக்கர். பயிர் வைத்து வெகு காலமாகி, வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. கட்டடக் கம்பெனிக்காரர்கள் சுற்றியிருந்த நிலங்களோடு அதையும் சேர்த்து ஒன்பது பிளாக் கட்டினார்கள். நிலத்துக்குப் பதில் வீடு என்று பேச்சு. ஆபீசில் பிளானை விரித்துக் காட்டிய அன்று நானும் கூட இருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன பிளாட் வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒரே கதவோடு மேலும் கீழுமாக ஒரு டூப்ளெக்ஸ், உங்கள் இஷ்டம் என்றார் கம்பெனி சார்.

"ரெண்டா வாங்கிக்கலாம். ஒன்னுல நாம, ஒன்னுல பாலு" என்றார் மாமா.

"ரெண்டு கதவுன்னா ரெண்டு அடுப்பு. எம்புள்ளய நானே தனியா வைக்கணுமா? ஒரே கதவா ஒன்னு கீதே, அத்த குடுக்கச் சொல்லுயா" என்றாள் அக்கா.

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா மச்சினிச்சி, பையனுக்கு இன்னும் பொண்ணே பாக்கல. அதுக்குள்ள மருமவளுக்குக் காவல் போட்டுட்டா உங்கக்கா."

அப்படி வந்ததுதான் அந்த வீடு. மூன்றாம் மாடியில் வாசல். உள்ளே நுழைந்தால் ஹால், சமையலறை, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான். படுக்கிற அறையெல்லாம் மேலே. ஹால் மூலையில் பதினாறு படி, நடுவில் ஒரு திருப்பம், இரண்டு பேர் ஒதுங்க முடியாத அகலம். அந்த பிளாக்கில் லிப்ட் ஒன்று, மூன்று, ஐந்து என்றுதான் நிற்கும். நான்காம் மாடியில் வெளியே நடையும் கிடையாது, கதவும் கிடையாது. மேலே இருக்கிறவர்கள் வெளியே போக வேண்டுமானால் வீட்டுக்குள்ளேயே இறங்கித்தான் வரவேண்டும். ஏறி இறங்க உடம்பில் தெம்பு இருந்தவரைக்கும் யாரும் இதையெல்லாம் யோசிக்கவில்லை.

மாசி மாதம் மாமாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிப்போய்ப் படுக்கவைத்தார்கள். வைகாசியில் அக்கா அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஏறும்போது திருப்பத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் தகடு வைத்தார்கள். படியேறவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஹாலில் ஜன்னலோரம் அவளுக்கு ஒரு கட்டில் போட்டான் பாலு. ஒரு தடவை அவளையும் நாற்காலியில் தூக்கிப் பார்த்தார்கள். திருப்பத்தில் அவள் காலை மடக்க முடியவில்லை. அவள் அலறிய அலறலில் மாமா மேலே கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டார். அதோடு விட்டாயிற்று.

ஒரே வீடு, ஒரே கதவு. அவர் மேலே, அவள் கீழே.

மருமகள் அனுப்பிரியா போனில் முகம் பார்த்துப் பேசச் செய்தாள். ஒரு தரம் பேசினார்கள். "இது இன்னா, செத்தவங்க போட்டோவாட்டம் கீது. வேணாம்" என்று அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் குரல்தான். மேலிருந்து "தாயாரு" என்று குழறலாக ஒரு சத்தம் வரும். "இங்கதான் கீறேன்" என்பாள் இவள். மாமாவைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் பெண் ஹெப்சி தட்டோடு ஏறி இறங்குவாள்.

"அம்மா, அய்யா உப்பு பத்தலன்றாரு."

"வந்து போட்டுக்கினு போவச் சொல்லு."

மேலே மாமா சிரிப்பது கேட்கும்.

ஹெப்சிதான் முதலில் சொன்னாள். "அய்யாவுக்குக் கால் மடங்குதுல்ல? நாலு பேர் புடிச்சா கீழ எறக்கிடலாம். ஹால்லயே ரெண்டு கட்டில் போட்டுடலாம்மா." பாலுவுக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்யூரிட்டி ஆட்களை வரச்சொன்னான். வந்தவர்களை அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

எங்கள் ஜனத்தில் சீக்காளியை அறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கிவந்து போடுவது ஒரே காரியத்துக்குத்தான். டாக்டர் கைவிட்ட பிறகு, வாயில் பால் ஊற்ற.

"அத்தை, இது ஹால். டிவி பாக்குற எடம்" என்றாள் அனுப்பிரியா.

"நானும்தான் ஹால்ல கெடக்குறேன். நான் பொம்பள, முந்திக்கினா பூவும் பொட்டுமா போவேன். அவர இங்க கொண்டாந்து போடக்கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி, உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் கீது. கூடத்துல போட்டவங்க யாராச்சும் எழுந்து நடந்திருக்காங்களா?"

நான் நினைத்துப் பார்த்தேன். அவள் மாமனாரைச் செவ்வாய்க்கிழமை போட்டோம், வெள்ளிக்கிழமை போய்விட்டார். பெரிய நாத்தனார் அன்றைக்கே. என் கொழுந்தன் ஜெயவேலு மறுநாள் பொழுதைப் பார்க்கவில்லை.

"இல்லக்கா" என்றேன்.

பாலு என்னை ஒரு பார்வை பார்த்தான். ஆட்களை அனுப்பிவிட்டான்.

அவர்களெல்லாம் கூடத்தில் போட்டதால் சாகவில்லை, சாகப்போகிறார்கள் என்று தெரிந்துதான் போட்டோம். இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஹெப்சி பாதிப் படி இறங்கி அப்படியே நின்றாள். அக்கா அவளைப் பார்த்தாள், என் கையிலிருந்த சீப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப தூக்கியாங்க" என்றாள்.

படுத்த வாக்கில் உடலை அந்தத் திருப்பத்தில் கொண்டுவர முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பிலும் மார்பிலும் வேட்டியால் கட்டி, நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். மாமா உட்கார்ந்தபடியே வந்தார். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்தாள். ஐந்து மாதம் ஏழு நாள் கழித்துப் பார்க்கிறாள். அழவில்லை. கிட்டே கொண்டுவந்து வைத்ததும் அவர் முகத்தையே பார்த்தாள்.

"மீசைய யாரு எடுத்தது?"

ஹெப்சிதான் மெதுவாகச் சொன்னாள். "கஞ்சி ஒட்டிக்கினு அசிங்கமா இருக்கு, எடுத்துடுன்னு அய்யாதான் சொன்னாரும்மா."

"எப்போ?"

"ஆடி மாசம்."

அக்கா கையை நீட்டி அவர் மேலுதட்டை விரலால் தடவிப் பார்த்தாள். கல்யாணத்தன்றிலிருந்து அந்த முகத்தை அவள் மீசையில்லாமல் பார்த்ததில்லை.

"மூணு மாசமா தினமும் பேசினியே, எங்கிட்ட சொல்லவே இல்லியேயா" என்றாள்.