கேட்டவர்களுக்கு மட்டும் கடிதம் அனுப்பிய ஜெஸீமா

செவ்வாய்க்கிழமை காலை கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி மரண அறிவித்தலில் ஜெஸீமாவின் பெயரைச் சொன்னது. அவருடைய வாப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னதால், வேறு யாராகவோ இருக்கும் என்று நினைக்க வழியில்லை. ஜெஸீமாவுக்கு ஐம்பத்தொரு வயது. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர்; மூத்தவள் என்று என்னை ராத்தா என்றே அழைப்பார்.

சிலாவத்துறையில் எங்கள் பெண்கள் கருவாட்டு மையத்தை அறிந்தவர்களுக்கு அவரைத் தெரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு கம்பனியில் விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் வேலை பார்த்தவர். சிறுநீரகம் பழுதாகி, வேலையை விட்டு ஊருக்கு வந்தார். வந்த மாதமே மையத்துக்கு வந்து, "சும்மா இருந்தா நோய் கூடுது ராத்தா, ஒரு கதிரை தாங்கோ" என்றார்.

அப்போது மையம் மூடும் நிலையில் இருந்தது. வெளியூர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பித்தான் கருவாடு விற்றோம். பதிலே வரவில்லை. நோன்புக்கு முன் ஓடர் வராவிட்டால் மூடுவதென்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. பதினொரு பெண்களின் பிழைப்பு அது.

ஜெஸீமா கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடிதம் போகுது ராத்தா. ஆனா ஆக்கள்ட கண்ணில படல்ல. வேண்டாததை ஒதுக்கிற ஸ்பேம் பெட்டிக்குள்ள கிடக்குது."

காரணம் நான்தான். என் பேத்தியின் கலியாணத்துக்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பிய முகவரிகள் முந்நூறையும் கருவாட்டுக் கடிதத்துக்குக் கொடுத்திருந்தேன். கலியாணத்தில் ஒரு வீட்டை விட்டாலும் வருடக்கணக்கில் மனத்தாங்கல் வரும். அதே பழக்கத்தில் இதற்கும் ஒருவரையும் விடவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

"கேக்காதவங்களுக்கு அனுப்பினா ஸ்பேம் எண்டு அமத்துவாங்க. கன பேர் அமத்தினா, ஆசையாக் கேட்டவங்களுக்கும் போய்ச் சேராது."

"எங்கட சொந்தக்காரர் அப்பிடிச் செய்வாங்களா?"

"போன் எடுத்துக் கேளுங்கோவன்."

கொழும்பில் இருக்கும் தங்கச்சி மகளைக் கேட்டேன். "கோவிக்காதீங்க பெரியும்மா. கிழமைக்கு ரெண்டு தரம் கருவாடு, கருவாடு எண்டு வருது. நானும் ஸ்பேம்லதான் போட்டன்" என்றாள்.

ஜெஸீமா சிரிக்கவில்லை. "மத்தவங்களையும் கேப்பமா?" என்றார். பெயர்களை வெட்டச் சம்மதிக்காமல் இரண்டு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

அவர் தனியாகவே தொடங்கினார். இரத்தம் சுத்திகரிக்க மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்கள் தவிர, மற்ற நாட்களில் கதிரையில் சாய்ந்தபடி ஒவ்வொருவராக அழைத்தார். "கடிதம் அனுப்பட்டா, வேணாமா? வேணாமெண்டா கோவமில்ல." பின்னேரத்துக்குள் தொண்டை கட்டிவிடும். ஒருநாள் பெயர்கள் எழுதிய கொப்பியை என் பக்கம் நீட்டினார். "களைச்சிட்டன் ராத்தா. இந்தப் பக்கத்தை நீங்க கேளுங்கோ." வாங்கிக்கொண்டேன். சண்டை அத்தோடு முடிந்தது.

முந்நூறில் நாற்பது பெயர் மிஞ்சியது. தலைப்பில் "அவசரம்! சலுகை! இன்றே!" என்று போடச் சொன்னேன். "பஸ் ஸ்டாண்டில கூவுறமாதிரிக் கிடக்கு ராத்தா. உள்ளதைச் சொல்லுவம்" என்று, "இந்த மாதம் கட்டா மீனும் சூடை மீனும் காய்ந்திருக்கின்றன" என எழுதினார். இனி வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளக் கடிதத்தின் அடியில் ஓர் இடமும் வைத்தார். மாதம் ஒரு கடிதம், அதற்கு மேல் இல்லை.

அந்த நாற்பது பேரில் பலர் பதில் எழுதினார்கள். அவர்கள் சொல்லி, அறியாத ஆட்களும் தங்களுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். நோன்பு வந்தது, மையம் மூடவில்லை. அவருடைய உடம்புதான் தேறவில்லை. கடைசி வருடத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "தூங்கல்ல, யோசிக்கிறன்" என்பார். தூங்குகிறார் என்று எங்களுக்குத் தெரியும். சத்தம் போடாமல் இருப்போம்.

மரண அறிவித்தலுக்கு மறுநாள், மாதக் கடிதம் போக வேண்டிய புதன்கிழமையன்று ஒருவருக்கும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின் கணினியைத் திறந்தேன். பதினேழு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்றும் ஓடர் இல்லை. இந்த மாதம் ஏன் கடிதம் வரவில்லை, ஜெஸீமா மிஸ் சுகமா என்று கேட்டிருந்தார்கள். கண்டியில் இருந்து, நாங்கள் ஒருநாளும் கண்டிராத ஓர் அம்மா, "ஸ்பேம் பெட்டியிலும் தேடிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை" என்று எழுதியிருந்தார்.

ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்தில், ஒற்றை விரலால், ஒவ்வொருவருக்கும் உங்கள் மவுத்தைத் தனித்தனியாக அறிவித்துக்கொண்டிருக்கிறேன், ஜெஸீமா தங்கச்சி. இன்னும் ஐந்து பேர் மிச்சம். அவர்களுக்கு நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்குக் கை ஓய்ந்துவிட்டது. அல்லாஹ் உங்கள் மண்ணறையை விசாலமாக்கட்டும். நீங்கள் ஆறுதலாகத் தூங்குங்கோ.