கொம்புக்குள் ஏது அறை?

போன சனிக்கிழமை மேஸ்திரியின் பல்லைத் தட்டியிருப்பேன். தடுத்தது என் தங்கை ரெபேக்கா.

நான் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில், முடி கழல தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியைப் பார்த்துக்கொள்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். ரெபேக்கா பெண்கள் ஸ்கூலில் டீச்சர். கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் எங்கள் காளவாய்க்கு அரியலூர்ப் பக்கமிருந்து வேகனில் சுண்ணாம்புக் கல் வரும். ஆதியில் அந்தப் பக்கமெல்லாம் கடலாம்; அதனால் கல்லுக்குள் கடல் பிராணிகளின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்க ரெபேக்கா வந்துவிடுவாள்.

அன்று கிடைத்தது புதுசு. சாண் நீளம், மேலெல்லாம் வரி, கைத்தடிப் பிடி மாதிரி ஒரு வளைவு.

"எங்கயும் உடையலண்ணா! பிள்ளைங்களுக்கு முழுசா காட்டணும்!"

மேஸ்திரி கன்னியப்பன் அதைப் பிடுங்கிக்கொண்டார். எங்கள் ஷாப்பில் ஒரு மாமூல் உண்டு — தோலோடு வரும் கொம்பெல்லாம் மேஸ்திரிக்கு.

"இது ஆட்டுக் கொம்பு டீச்சரம்மா. கல்லாப் போய்ட்டா கொம்பு இல்லேன்னு ஆயிடுமா?"

"கடல்ல ஏது மேஸ்திரி ஆடு?"

"இன்னா, நீ போய் பாத்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். படித்த பெண்ணைப் பார்த்துச் சிரிக்க இவர்களுக்கு எவ்வளவு இஷ்டம்! நான் கையை ஓங்கினேன்.

"சும்மா இருண்ணா. சுத்தியைக் குடு. மேஸ்திரி, கொம்புக்குள்ள இன்னா இருக்கும்?"

"ஒரே பொந்து."

"வேற மாதிரி இருந்தா எனக்கு. சரியா?"

"தாராளமா."

"முழுசா காட்டணும்னியே..." என்றேன்.

"அவர் வீட்ல முழுசா இருந்து எனக்கு இன்னா பிரயோஜனம்?"

ஒரே அடி. நீளவாக்கில் பிளந்தது. உள்ளே... சுவர், அறை, சுவர், அறை! கண்ணாடி போல மின்னியது.

"இது அம்மோனைட்னு ஒரு கடல் பிராணியோட ஓடு. வளர வளர பின்னாடி சுவர் வெச்சு அடைச்சுட்டு, முன்னாடி குடி வந்துடும். மத்ததெல்லாம் சக்கரம் மாதிரி சுருண்டிருக்கும். இந்தக் குடும்பம் மட்டும் தன் இஷ்டத்துக்கு வளைஞ்சுது. இப்ப உலகத்துல ஒண்ணுகூட உயிரோட இல்ல. எந்த ஆடு மேஸ்திரி கொம்புக்குள்ள ரூம் கட்டுது?"

இந்தத் தடவை கன்னியப்பனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சரி, பேஜார் பண்ணாத. எடுத்துக்க."

இரண்டு துண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். வீடு வரும் வரை அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே வந்தாள். எனக்கோ மார்பு விரிந்துபோயிருந்தது. ஆசைப்பட்டு எடுத்த பொருளைத் தன் கையாலேயே உடைக்க எந்த ஆம்பளைக்குத் துணிச்சல் வரும்? சொல்லுங்கள்!

ஷாப்பில் இப்போது மாமூல் மாறிவிட்டது. வரி விழுந்த கல் கிடைத்தால் கன்னியப்பனே கத்துகிறார் — "பொந்து இருந்தா எனக்கு, ரூம் இருந்தா டீச்சரம்மாவுக்கு!"

இதுவரை அவருக்கு ஒரு பொந்துகூடக் கிடைக்கவில்லை.