குழி அடுத்த வருஷம்

எங்கள் பஞ்சாயத்து ஒரு வருஷம் நூற்றுக்கு நூறு வாங்கியது. பரீட்சையில் இல்லை, பணம் செலவழிப்பதில். வந்த பணத்தை மார்ச் முப்பத்தொன்றுக்குள் மிச்சம் வைக்காமல் தீர்த்துவிட்டால் அது கெட்டிக்காரப் பஞ்சாயத்து என்று மேலிடத்தில் ஒரு கணக்கு உண்டு. மிச்சம் வைத்தால் பணம் திரும்பிப் போய்விடும், அடுத்த வருஷத்து ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள். எதற்குச் செலவழித்தாய், அது யாருக்காவது உதவியதா என்று கேட்பதெல்லாம் பிற்பாடுதான். கடைக்குப் போன நான் அப்படிக் கணக்குச் சொல்லியிருந்தால் அம்மா முதுகுத் தோலை உரித்திருப்பாள்.

அந்த நூறில் எங்கள் லயத்துக் கக்கூஸும் சேர்த்தி. சின்னக்கானல் பக்கம் தேயிலைக் காட்டுக்கு நடுவே, ஒரே கூரைக்கடியில் சுவர் வைத்துப் பிரித்த வரிசை வீடுகளில்தான் நாங்கள் இருந்தோம். கம்பெனி எந்தக் காலத்திலோ கட்டிய பொதுக் கக்கூஸ் ஒரு மழையில் உட்கார்ந்துவிட்டது. கம்பெனியைக் கேட்டால் பஞ்சாயத்தைக் கேள் என்றார்கள். பஞ்சாயத்தைக் கேட்டால் இடம் கம்பெனியுடையது என்றார்கள். இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை செய்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் பெண்கள் விடியுமுன்பே எழுந்து, இரண்டிரண்டு பேராக, தேயிலைச் செடிகளுக்கு இடையில் போய் வந்தார்கள். அந்த நேரத்தில் ஆனையும் அங்கேதான் நிற்கும்.

அம்மா அப்போது என் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள். நிறைமாசம் ஆக ஆக அவளுக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. துணைக்குப் போனவள் சித்தி. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவள், பக்கத்து வீட்டுக்காரி, கொழுந்து எடுப்பதில் படு வேகம், வாயும் அதே வேகம். டார்ச்சை அம்மாவின் காலடியில் அடித்துக்கொண்டு, ஆனைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக இருமிக்கொண்டே போவாள். அது நிஜ இருமல் இல்லை என்பது எனக்கே தெரியும்.

கடைசியில் ஒரு மார்ச் மாதம் பணம் வந்தது. லயத்துக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் எழும்பின. சுவருக்கு மஞ்சள் பெயிண்ட், கதவுக்கு நீலம், உள்ளே வெள்ளைப் பீங்கான். ராத்திரி பகலாக வேலை நடந்தது. ஒன்று மட்டும் நடக்கவில்லை. குழி தோண்டவில்லை. அடியில் பாறை, அதை உடைக்கக் கம்பெனியின் அனுமதிக் கடுதாசி வேண்டும், கடுதாசி வருவதற்குள் மார்ச் முடிந்துவிடும். ஆகவே மேலே கட்டடத்தை முடித்து, பின்சுவரில் ஒரு சாண் பைப்பை நீட்டி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போட்டோவுக்குக் கட்டடம்தானே வேண்டும், குழியை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்?

போட்டோ எடுக்க அம்மாவைத்தான் நிறுத்தினார்கள். வயிற்றோடு நின்றால் நன்றாக இருக்கும் என்றார் மெம்பர். அவர் எங்கள் லயத்திலேயே பிறந்து வளர்ந்து, எலக்‌ஷனில் ஜெயித்ததும் ஜங்ஷனுக்குக் குடி போனவர். கொஞ்ச நாளில் அம்மா ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் போர்டில் சிரித்துக்கொண்டு நின்றாள், பின்னால் நீலக் கதவு. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கூட வரும் பிள்ளைகளிடம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன். அம்மா அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போனாள்.

கிராம சபை கூடியபோது சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கூல் ஹாலில் மெம்பர் எழுந்து, நூறு சதமானம் செலவு என்று மலையாளத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் தட்டினேன். சித்தி எழுந்து நின்றாள்.

“செலவு சரிங்கண்ணே. குழி எங்க?”

“குழி அடுத்த வருசத் திட்டத்துல இருக்கு தங்கச்சி. இது வேற, அது வேற.”

“அதுவரைக்கும் அடக்கிக்கிறதா?”

ஹாலே சிரித்தது. மெம்பரும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. சித்தியைத் திட்டலாம், அடிக்கக்கூட வரலாம், பார்த்துச் சிரிக்க மட்டும் கூடாது.

வீட்டுக்கு வந்தால் அப்பா வேறு. அவர் ஃபேக்டரியில் வேலை, யாரைப் பார்த்தாலும் பயம். கவர்மெண்ட் காரியம் மெதுவாகத்தான் நடக்கும், மெம்பரைப் பகைத்துக்கொள்ளாதே என்றார். “உங்களுக்கென்ன மாமா,” என்றாள் சித்தி. நீலக் கதவு அறைகளில் லயத்துக்காரர்கள் விறகு அடுக்கினார்கள். எங்கள் அறையில் கோழி அடைகாத்தது.

அடுத்த மழைக்கு முன்னால் அது நடந்தது. விடியற்காலையில் அம்மா, மழைத்தண்ணீர் இறங்கக் குறுக்கே வெட்டியிருக்கும் கானில் கால் வழுக்கி விழுந்தாள். ஆனை இல்லை, ஒன்றுமில்லை, வெறும் பாசி. சித்தி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டபோது முழங்காலெல்லாம் ரத்தம். டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை, இனி இப்படி விழுந்தால் சொல்ல முடியாது என்றார்கள். அம்மா அழவில்லை. சித்திதான் அழுதாள், அழுதுகொண்டே மெம்பரை, கம்பெனியை, அப்பாவை, சித்தப்பாவை, வரிசையாக ஒருத்தரையும் விடாமல் திட்டினாள். அவ்வளவு வண்டையாக அவள் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பஞ்சாயத்துக்குச் சுத்தமான பஞ்சாயத்து என்று பரிசு கொடுப்பதற்காகப் பார்வையிட ஆள் வருகிறார்கள் என்ற சேதி வந்தது. முந்தின நாள் மெம்பர் ஜீப்பில் புது வாளி, மக்கு, சோப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தார். விறகு வெளியே போனது, கோழி கத்திக்கொண்டே வெளியே போனது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு வாளி, ஒரு மக்கு.

“கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. வேற வாயத் தெறக்க வேண்டாம்,” என்றார்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்கண்ணே. வர்றவங்களுக்கு டீ கீ குடுக்கலாமா?” என்று கேட்டாள்.

“தாராளமாக் குடு தங்கச்சி.”

சித்தி இவ்வளவு அடக்கமாகப் பேசி நான் பார்த்ததில்லை. உடம்புக்குச் சரியில்லையோ என்று பயந்தேன்.

மறுநாள் ஒரு மேடமும் இரண்டு ஆபீசர்மாரும் வந்தார்கள். மேடம் சின்ன வயசு, மலையாளி, ஸ்வெட்டருக்கு மேலே இன்னொரு ஸ்வெட்டர். ஒவ்வொரு கதவாகத் திறந்து எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், மெம்பர் கூடவே கதவை மூடிக்கொண்டே வந்தார். பிறகு எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பனி இறங்கி எதிர் வரிசைச் செடிகூடத் தெரியவில்லை. சித்தி இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கெட்டிலில் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தால்தான் போதும் என்று அர்த்தம். நிமிர்ந்திருந்தால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெம்பருக்கு இது தெரியும், ஒரு டம்ளரோடு கவிழ்த்துவிட்டார். மேடத்துக்குத் தெரியாது. போதும் என்பதை மலையாளத்தில் “மதி, மதி” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, டம்ளரை நிமிர்த்தே வைத்தது. சித்தி என்னைப் பார்த்து, “டம்ளர் நிமிந்துதான இருக்கு, ஊத்து,” என்றாள். ஊற்றினேன். ஊற்றியதை வேண்டாமென்று வைத்துவிடலாம். ஆனால் லயத்துக்காரி கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்தால் என்ன நினைப்பார்களோ என்று அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் குடித்தது. நல்ல பெண். ஆபீசர்மாருக்கும் ஊற்றினேன், அவர்களும் குடித்துவிட்டு ஜீப் பக்கம் போனார்கள். பெரிய ஆள் என்பதால்தான் மேடத்துக்குச் சித்தி இவ்வளவு உபசாரம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேடம் நாற்காலியில் நெளிந்தது. சித்தியின் காதருகே குனிந்து, “சேச்சி, பாத்ரூம்...” என்றது.

“இருக்கே மேடம். வரிசையா இருக்கு, இப்பத்தான பாத்தீங்க. எது வேணுமோ அதுல போங்க.”

மெம்பர் எழுந்துவிட்டார். ஜங்ஷனில் நல்ல ஓட்டல் இருக்கிறது, வண்டியில் ஒரு நொடியில் போய்விடலாம் என்றார். ஜங்ஷனுக்குப் போகும் பாதையைப் பாதை என்று சொல்வதே பாவம், ஒவ்வொரு கல்லும் ஜீப்பைத் தூக்கிப் போடும். மேடம் அந்தப் பாதையை ஒரு தடவை பார்த்தது.

“புதுசா கவர்மெண்ட் கட்டுனது இருக்கையில ஓட்டலுக்கு எதுக்குண்ணே அனுப்புறீங்க? மேடம் என்ன நெனப்பாங்க?” என்றாள் சித்தி.

மேடம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டது. முதலில் ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். அது பின்சுவர்ப் பைப்பு வழியாக வெளியே சொட்டி, அங்கே மேய்ந்துகொண்டிருந்த எங்கள் கோழியின் மேல் விழுந்தது. கோழி போட்ட சத்தத்தில் லயமே திரும்பிப் பார்த்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த மேடம் நேராகப் பின்பக்கம் போய் அந்தப் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. மெம்பர் ஏதோ அடுத்த வருஷத் திட்டம் என்று ஆரம்பித்தார்.

“வாங்க மேடம்,” என்றாள் சித்தி, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு. தேயிலைக்குள் கூட்டிப் போனாள். அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய், இரண்டு பேரும் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்கள். திரும்பி வரும்போது மேடத்தின் ஷூவெல்லாம் சேறு, கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் வயிற்றைத்தான் பார்த்தது.

“எல்லா திவசமும் இங்ஙனயோ?” என்று கேட்டது, தினமும் இப்படித்தானா என்று.

“இல்ல மேடம். நீங்க பகல்ல போனீங்க. நாங்க இருட்டுல போவோம்,” என்றாள் சித்தி.

ஜீப் போனபிறகு நான் குதித்தேன். அம்மாவோ சித்தியின் மேல் பாய்ந்தாள். “அந்தப் பிள்ள உன்ன என்னடி பண்ணுச்சு? மானத்த வாங்கிட்டியே. ஆம்பளைங்களும்தான டீ குடிச்சாங்க, அவங்களுக்கு ஊத்த வேண்டியதுதான?”

“அவங்களுக்கு அண்டா நெறைய ஊத்துனாலும் ஒண்ணும் ஆவாதுக்கா,” என்றாள் சித்தி. சொல்லிவிட்டு அவளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்பளைகளுக்கு வயிறு பெரிது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. பஞ்சாயத்தின் பேரைக் கெடுத்தவர்கள் நாங்கள்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. மெம்பர் அப்பாவை ஃபேக்டரி வாசலில் நிறுத்தி, உன் வீட்டுப் பொம்பளையை அடக்கி வை என்று கத்தினார். அப்பா முதல்முறையாக யாரோ ஒருவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசினார்: “குழியத் தோண்டிட்டுச் சொல்லுங்க, அடக்கி வைக்கிறேன்.” வீட்டுக்கு வந்து அதை எத்தனை தடவை சொன்னார் என்று கேட்கக்கூடாது. வராத கம்பெனிக் கடுதாசி எப்படியோ வந்தது. வெடி வைத்துப் பாறையை உடைத்தார்கள். தம்பி பிறந்து அம்மா வீடு திரும்பும்போது குழி முடிந்திருந்தது.

உத்காடனத்துக்கு, அதாவது திறப்பு விழாவுக்கு, ரிப்பன் கட்டினார்கள். ஆமாம், கக்கூஸுக்குத்தான். பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் வர நேரமாகிக்கொண்டிருந்தது. மேடம் முன்னாடியே வந்து, நேராகச் சித்தியிடம் போய், “சேச்சி, சாயா உண்டோ?” என்று கேட்டது. குடித்தது, டம்ளரைத் தானாகவே கவிழ்த்து வைத்தது. பிறகு எழுந்து நீலக் கதவைப் பார்த்தது. சித்தி ரிப்பனை அவிழ்த்துவிட்டாள். மேடம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டது.

மெம்பர் ஓடி வந்தார். “என்ன தங்கச்சி, உத்காடனம்...”

“உள்ள நடந்துகிட்டிருக்குண்ணே. சத்தம் போடாதீங்க.”

லயமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பிரசிடெண்ட் வந்ததும் அதே ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டி வெட்டினார்கள், அது வேறு கதை.

லட்டு, டீ எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரம். பிரசிடெண்ட், மெம்பர், ஆபீசர்மார் எல்லோரும் பேசிக்கொண்டே ஜீப்பைத் தாண்டிப் போய், தேயிலைச் செடியைப் பார்த்து வரிசையாக நின்றார்கள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பக்கத்திலேயே அத்தனை கதவும் திறந்து கிடந்தது, வாளியில் தண்ணீர் தளும்பியது. நான் சித்தியின் சேலையை இழுத்தேன்.

“பாத்தியா சித்தி, புதுசு அழுக்காயிரக் கூடாதுன்னு எவ்வளவு மரியாதையா ஒதுங்கிப் போறாங்க.”

சித்தி அந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய மனிதர்கள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.