பைண்டரின் வயிறு

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பைண்டர் என்றால் அவர்தான். நாளைக்குக் கடைசி நாள் என்று இன்றைக்கு ஓடிவரும் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளை அடுக்கி, தைத்து, அட்டை ஒட்டி, முதுகில் பொன்னிற எழுத்து அடித்துத் தருவது அவர் வேலை. நானூறு பக்கம் இருந்தாலும் ஆள்காட்டி விரலை நாக்கில் ஒரு தொடு தொட்டு விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போவார். நடுவில் ஒரு தாள் தலைகீழாக இருந்தால் விரல் தானாக நின்றுவிடும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையிலிருந்து ஒரு பக்கம்கூட மாறிப் போனதில்லை. இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், நியாயமான தலைக்கனம்தான்.

வயிறு மட்டும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. நாற்பத்தொரு வயதில் தொடங்கிய தொல்லை. எதைத் தின்றாலும் வயிறு ஊதும், ஊதினால் ஓட வைக்கும். தைத்துக்கொண்டிருந்த ஊசியைத் தாளிலேயே குத்தி வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவார். வாயு என்று இரண்டு வருடம் மாத்திரை, ரத்தசோகை என்று ஆறு மாதம் டானிக். ஒன்பது கிலோ இளைத்து, கொடியில் காயப்போட்ட சட்டை நடந்து வருவதுபோல வந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு டாக்டரம்மா வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் துணுக்கு எடுத்துச் சோதித்து, சீலியாக் நோய் என்று சொன்னார்.

"கோதுமை, பார்லியில இருக்கிற ஒரு புரதம் உங்க குடலுக்கு ஆகாது. துளி போனாலும் உள்சுவர் தேஞ்சுடும். பாலும் கொஞ்ச நாள் வேண்டாம், இப்ப இருக்கிற குடலுக்கு அதைச் செரிக்கத் தெம்பில்ல. மருந்துன்னு எதுவும் கிடையாது. சாப்பிடாம இருக்கிறதுதான் மருந்து."

பைண்டர் பன் என்றால் உயிரை விடுகிற ஆள். சும்மா பேச்சுக்குச் சொல்லிவந்ததை இப்போது டாக்டரே சொல்லிவிட்டார்.

அவர் மனைவிக்குச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் வேலை. ஒரு நூல் கோணினால் பிரித்துத் தைக்கிறவள். நோயையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். மாவு டப்பா, சலிப்பான், காய் நறுக்கும் பலகை, சாஸ் பாட்டில் எல்லாம் ஒரே நாளில் வெளியே போயின. கடையில் ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். கடைக்காரர் அவளைக் கண்டாலே நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்தார்.

"உங்களுக்கு ஆகாதது இந்த வீட்டுக்கே ஆகாது. நீங்க பாத்துக்கிட்டிருக்க நான் தின்னா எனக்குத் தொண்டையில இறங்குமா? நானும் இனி தொடமாட்டேன்" என்றாள். பைண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டினவள் இப்படி வாய்க்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று அச்சகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

மூன்றாவது மாதம் அச்சு ஓட்டும் மெஷின்காரருக்குப் பிறந்தநாள். பைண்டர் பாதி பன் தின்றார். வீட்டுக்கு வந்து இல்லவே இல்லை என்றார். சட்டைப் பையில் தூள் கிடந்தது. கையும் களவுமாக மாட்டினார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு ஒரு பக்கம், மனைவியின் வாய் ஒரு பக்கம். எது அதிகம் என்று கேட்டால் சொல்லமாட்டார். இனித் தொட்டால் ஏன் என்று கேள் என்று சத்தியம் செய்தார். அதன் பிறகு தொடவில்லை. இது உண்மை, நான் உறுதி சொல்கிறேன்.

ஒரு வருடம் முடிந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோயைக் காட்டும் கணக்கு இறங்கவே இல்லை. டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இன்னும் எங்கயோ உள்ள போகுது. வெளியில சாப்பிடறீங்களா?"

"இல்ல டாக்டர்."

மனைவி பஸ் நிறுத்தம் வரைக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா நான் பட்ட பாடு என்ன, நீங்க பண்ற வேலை என்ன? அன்னைக்கும் இதே மூஞ்சியோடதான் இல்லன்னு சொன்னீங்க."

"சத்தியமா இல்லம்மா."

"சத்தியமும் அன்னைக்குப் பண்ணினதுதான். இனி உங்க வயிறு, உங்க பாடு."

அதன் பிறகு சோறு வரும், குழம்பு வரும், பேச்சு வராது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்த மனுஷனுக்குத் திருடன் பட்டம். வயிற்றுவலியை அவர் பொறுத்துக்கொண்டார். இதைப் பொறுக்க முடியவில்லை. நோய் தீராவிட்டாலும் போகிறது, இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று இருந்தது.

பதினைந்தாம் நாள் அவள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அச்சகத்துக்கே வந்துவிட்டாள். உளவு பார்க்கத்தான், சந்தேகமே வேண்டாம்.

"வாங்க அண்ணி" என்று மெஷின்காரர் ஒரு தாள்கட்டை இழுத்துப் போட்டார். அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

டீ வந்தது. பன் தட்டு ஒரு சுற்று போயிற்று. பைண்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெந்நீர் குடித்தார். அண்ணி இருக்கிறதால் நடிக்கிறார் என்று யாராவது கண்ணடிப்பார்களா என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் கண்ணடிக்கவில்லை. அவர் பன்னைத் தொட்டே நாளாயிற்று என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது.

பைண்டர் வேலைக்குத் திரும்பினார். வாளியில் பிரஷை முக்கி அட்டைக்குத் தடவினார். வழிந்ததை விரலால் வழித்தார். விரலைத் துணியில் துடைத்தார். நாக்கில் தொட்டார். தாளைத் தள்ளினார். மறுபடி பிரஷ், விரல், துணி, நாக்கு.

அவள் எழுந்து கிட்டே வந்தாள். பதினைந்து நாளில் முதல் பேச்சு.

"அந்த வாளியில என்ன?"

"பசை."

"எதுல காய்ச்சினது?"

"மைதா..."

நாக்கை நோக்கிப் போன விரல் பாதியில் நின்றது. தலைகீழ்த் தாளைக் கண்டால் நிற்குமே, அப்படி.

தினமும் காலையில் அரைக் கிலோ மைதாவைக் கரைத்துக் காய்ச்சுவது அவரேதான். அவருக்குப் பசை பசைதான். அது ஒரு காலத்தில் கோதுமை மாவாக இருந்தது என்று இருபத்திரண்டு வருடத்தில் தோன்றியதே இல்லை. வீட்டில் அவள் சலிப்பானைக்கூட விட்டுவைக்கவில்லை. இங்கே அவர் ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் நக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாங்க பன்னைத் தின்னோம். நீங்க புத்தகத்தையே தின்னிருக்கீங்க" என்றார் மெஷின்காரர்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். பசையை மாற்றுங்கள், விரலை வாயில் வைக்காதீர்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். மறுநாள் முதல் மரவள்ளி மாவுப் பசை, பக்கம் தள்ள ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு என்று முதலாளி ஒத்துக்கொண்டார்.

மாலை பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பைண்டர் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். பதினைந்து நாள் பழி துடைக்கப்பட்ட நாள் அல்லவா.

"இப்பவாவது நம்பறியா?"

திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"தான் திருடி பிறரை நம்பமாட்டாள்னு சொல்வாங்களே, அது நான்தான்" என்றாள். "நான் தின்னுட்டிருந்தேங்க."

"எதை?"

"பன்னு. கம்பெனி வாசல்ல ஒருத்தர் விக்கிறார். நீங்க மாட்டினதுக்கு அடுத்த மாசத்துலருந்து. வாரத்துக்கு ரெண்டு தரம். வாயைக் கொப்பளிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நானே இப்படின்னா, நீங்க எங்க இருக்கப் போறீங்கன்னு நினைச்சுட்டேன்."

பைண்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பதினைந்து நாள் பேசாமல் கொன்றவள். என்ன கேட்கலாம் என்று பொருத்தமான வார்த்தையைத் தேடினார். பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று.

"சூடா இருக்குமா?" என்று கேட்டார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ம். கல்லுல போட்டு எடுப்பார்."

"வெண்ணெய்?"

"ரெண்டு பக்கமும்."

"மேல சர்க்கரை?"

"கேட்டாப் போடுவார்."

"கேட்டியா?"

"கேட்டேன்."

பைண்டர் பெஞ்சில் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"முதல் கடியிலருந்து சொல்லு" என்றார்.