கடைக்குள் அம்மா எனக்கு அக்கா

புத்தகக் கடையில் வேலை பார்ப்பவர்களைக் கண்டால் சிலருக்குப் பொறாமை வந்துவிடும். "நாள் பூரா புத்தகத்துக்கு நடுவுல இருக்கீங்க, குடுத்து வச்சவங்க" என்பார்கள். என் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஏ.சி. காற்றில் ஒரு மணி நேரம் நின்று புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் சொன்னது. அம்மா சிரித்துக்கொண்டே "ஆமாங்க" என்பாள். சிரிப்பதும் வேலையில் சேர்த்தி.

அது ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த கடை. புதுக்கோட்டைக் கிளையில் அம்மாவுக்குப் பள்ளிப் புத்தகப் பிரிவு. கைடு, நோட்டு, அட்லஸ், ஜியாமெட்ரி பாக்ஸ். காலையில் திருமயத்திலிருந்து பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அத்தனை நேரமும் நிற்க வேண்டும். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு சென்னையிலிருந்து போன் வரும். பின்னால் ஸ்டாக் ரூமில் புத்தகக் கட்டுகள் கிடக்கும். மற்றவர்கள் அவசரத்துக்கு அதன்மேல் உட்கார்ந்து எழுவார்கள். அம்மா உட்கார மாட்டாள். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அதன்மேல் எப்படி உட்காருவாள்? கடை நிறைய புத்தகம் இருந்தது, அதனாலேயே அவளுக்கு உட்கார இடமில்லை.

கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று பிறகு சட்டம் வந்தது. அங்கேயும் ஒரு நாற்காலி போட்டார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். அதில் கேரி பேக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், எனக்கு ஏழு வயதில் நடந்தது. அப்பா மஸ்கட்டில் இருந்தார். பள்ளி லீவில் என்னை வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஊழியர்கள் பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டி வரக்கூடாது என்பது விதி. மேனேஜர் பொன்னமராவதிக்காரர், பயந்த மனிதர். கெட்டவர் இல்லை. எதையும் தன் கண்ணால் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள்.

"கடைக்குள்ள என்னைய அம்மான்னு கூப்புடக் கூடாது. நான் ஒனக்கு அக்கா. நீ கஸ்டமர் புள்ள. என்ன?"

"அப்ப நீ என்னைய எப்புடிக் கூப்புடுவ?"

"பாப்பான்னு."

எனக்குக் குஷி தாங்கவில்லை. தெருவில் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு விளையாட்டுக் கிடைக்கவில்லை. என்னை முன்னால் அனுப்பிவிட்டு அம்மா பின்னால் வருவாள். பாதுகாப்புக்கு நிற்கிற தாத்தா எனக்குக் கதவைத் திறந்துவிடுவார். அம்மாவின் பையை மட்டும் வாங்கிச் சோதிப்பார்.

சிறுவர் பிரிவில் நீலக் கலரில் இரண்டு குட்டி ஸ்டூல்கள் இருந்தன. வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் உட்காருவதற்கு. சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை படிக்கிற படம். குழந்தை கேட்டால் ஊழியர் கதை படித்துக் காட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகம் போட்ட திட்டம் அது. படத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததால், கதை படிக்கும்போது மட்டும் உட்காரலாம் என்று மேனேஜர் அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

அம்மா கழுத்தில் தொங்கும் கார்டைத் திருப்பி மாட்டினால் எனக்கு சைகை. நான் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன். "அக்கா, கதை படிச்சுக் காட்டுங்க." அம்மா வந்து எனக்கு எதிரில் உட்காருவாள். ஸ்டூலுக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலால் இன்னொரு காலை அமுக்கிக்கொண்டே படிப்பாள். எப்போதும் ஒரே கதைதான். யானையைத் தேடிப்போன எறும்பின் கதை. மெதுவாக, எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரிப் படிப்பாள். முடிந்தால் முதலிலிருந்து தொடங்குவாள். அம்மாவுக்கு அந்த எறும்பை அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையிலேயே கடை வேறு மாதிரி இருந்தது. திருச்சியிலிருந்து ஏரியா மேனேஜர் வருகிறார், ஒருவரைக் கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றப்போகிறார் என்று பேச்சு. வேலையை விட்டு நிறுத்தினால் கேள்வி வரும். கோயம்புத்தூருக்கு மாற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள். திருமயத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் எப்படி வேலை பார்ப்பது? தானாக நின்றுவிடுவார்கள். அம்மாவோடு வேலை பார்த்த அறந்தாங்கி அக்கா, "யாரு காலு மடங்குதோ அவுகதான் கோயம்புத்தூரு" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பள்ளி திறக்கிற சமயம். கடையில் கால் வைக்க இடமில்லை. அம்மா ரேக்குக்கும் கவுண்டருக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மதியம் சாப்பிடப் போகவில்லை. ஏரியா மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மாவின் கார்டு திரும்பவே இல்லை. ரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். சைகையை மறந்துவிட்டாள் என்று நினைத்து நானே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, கதை படிச்சுக் காட்டுங்க."

"அப்பறம் படிக்கிறேன் பாப்பா. அங்கிட்டுப் போய் உக்காரு."

ஏரியா மேனேஜர் திரும்பினார். "கஸ்டமர் குழந்தை கேக்குது. படிச்சுக் காட்டுங்கம்மா, அதுக்குத்தானே ஸ்கீம்."

அம்மா என்னோடு வந்தாள். ஸ்டூலை இழுத்தாள்.

ஏரியா மேனேஜர் தடுத்தார். "சீசன் டைம். உக்காந்துட்டா ரேக்குப் பின்னாடி எவன் எதை எடுக்கிறான்னு தெரியாது. நின்னுக்கிட்டே படிங்க."

நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா நின்றுகொண்டு படித்தாள். எறும்பு ஆற்றங்கரைக்கு வந்தது. ஒரு வரியை இரண்டு முறை படித்தாள். "அக்கா, அதைப் படிச்சாச்சு" என்றேன். புத்தகம் என் மடியில் விழுந்தது. அடுத்து அம்மா விழுந்தாள். ரேக் முனை இடித்து நெற்றியில் ரத்தம் வந்தது.

நான் கத்தினேன். "அக்கா!" என்றுதான் கத்தினேன்.

கூட்டம் கூடியது. அறந்தாங்கி அக்கா ஓடிவந்து தரையில் உட்கார்ந்து, அம்மாவின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்னைப் பார்த்து, "அழுவாதடி, ஒங்க..." என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஏரியா மேனேஜர் எனக்கு முன்னால் குனிந்து, பயப்படாதே என்று கன்னத்தைத் தட்டினார். ஒரு கலர் பென்சில் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"குழந்தை எவ்வளவு பயந்துடுச்சு பாருங்க. இதோட அம்மா எங்க?"

மேனேஜர் கணினித் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அம்மா தரையிலிருந்து சொன்னாள். "வெளிய போயிருக்காங்க சார். இப்ப வந்துருவாங்க."

"அவங்க வந்து கம்ப்ளைன்ட் பண்ணா யாரு பதில் சொல்றது? குழந்தைகிட்ட சாரி சொல்லுங்க."

அம்மா முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"சாரி பாப்பா."

"பரவாயில்லக்கா" என்றேன்.

அவ்வளவு அழுகையிலும் நான் விளையாட்டைக் கெடுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "நல்லா வளத்துருக்காங்க புள்ளைய" என்றார்.

அம்மாவுக்கு மாற்றல் வரவில்லை. அறந்தாங்கி அக்காவுக்கு வந்தது. வேலை நேரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார் என்று காரணம் சொன்னார்கள். அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்திருந்ததைத்தான் கேமரா அப்படிப் பார்த்தது. அவர் கோயம்புத்தூர் போகவில்லை, வேலையை விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

விழுந்த அன்று மட்டும் அம்மாவைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வெளியே மருந்துக்கடையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நான் பாராட்டை எதிர்பார்த்து அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். அவள் பஸ் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.

திருமயம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பஸ் ஊரைத் தாண்டியதும் கேட்டேன்.

"நான் ஒருதடவகூட அம்மான்னு சொல்லல, பாத்தியா?"

"பாத்தேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேறு எதையோ பேசி அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு மிகவும் பிடித்ததாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"மிச்சக் கதையைச் சொல்லும்மா. எறும்பு ஆத்தங்கரைக்கு வந்துச்சுல்ல, அப்பறம்?"

அம்மா திரும்பாமலே சொன்னாள்.

"இப்ப எதுக்குடி கதை? உக்காந்துதான இருக்கேன்."

கதைக்கும் உட்காருவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. பென்சில் பெட்டியைத் திறந்து கலர்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டு வந்தேன்.