சாவி ஏறிய விமானம்

செவ்வாய்க்கிழமை, இரவு மணி எட்டு. மான்செஸ்டரில் அந்த நேரத்திலும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பெல்ட் மாட்டி உட்கார்ந்துவிட்டோம், விமானம் நகரவில்லை. வேறொரு விமானத்தில் வந்த பதினோரு பேர் ஓடி வருகிறார்களாம், அவர்களுக்காக நிற்கிறோம் என்று கேப்டன் அறிவித்தாராம். பக்கத்து இருக்கைப் பெண்தான் எனக்கு விளக்கினாள்.

"நல்ல மனுசன்" என்றேன்.

"நல்ல மனுசன்தான். அங்க எறங்கி அடுத்த பிளேன் மாற உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குய்யா?"

"ஒன்னேகால் மணி நேரம்."

"பத்தாதே அய்யா. இவுக இங்கயே நின்னா நம்ம கதி?"

அந்தப் பெண் கண்ணாத்தாள், நாட்டரசன்கோட்டைக்காரி. மான்செஸ்டரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் என்னைப் போலவே திருச்சிக்குத்தான். ஐம்பது நிமிடம் கழித்து விமானம் கிளம்பியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நாச்சியாபுரத்து ஆசாரி வீட்டில் பிறந்தவன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. பன்னிரண்டு வயதில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் செதுக்கினேன். அறுபத்தெட்டு வயதில் பதினோரு நாடுகளில் என் கதவுகள் நிற்கின்றன. யாரும் கைதூக்கி விடவில்லை, நானாக ஏறினேன். மான்செஸ்டரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு நிலையும் கதவும் பொருத்தப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என் தங்கை காமாட்சியின் இரண்டாவது மகளுக்கு நாச்சியாபுரத்தில் முகூர்த்தம். நான் தாய்மாமன். மூத்தவள் கல்யாணத்துக்கு மலேசியாவில் வேலை என்று போகாமல் இருந்தவன். "இந்தத் தடவையும் வரலேன்னா எனக்கு அண்ணனே இல்லைன்னு நெனச்சுக்கிறேன்" என்று காமாட்சி சொல்லித்தான் அனுப்பினாள். அது போதாதென்று, தாலியும் நகைகளும் காரைக்குடியில் என் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. பத்திரம் என்றால் என் பெட்டிதான் என்று ஊருக்கே தெரியும். அதற்கு ஒரே சாவி. பெண்டாட்டி கையில்கூட நான் கொடுத்ததில்லை. அது என் கைப்பையில் இருந்தது. உடைத்துத் திறப்பதென்றால் ஒரு நாள் ஆகும்.

பிறகு ஏன் இந்த டிக்கெட்? லண்டன் போய் அங்கிருந்து நேராகச் சென்னைக்குப் பறந்தால் பதினெட்டாயிரம் கூடுதல். அதற்கு மேல் சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டர் கார். வளைகுடாவில் மாறினால் திருச்சியிலேயே இறங்கலாம். காரைக்குடி தொண்ணூறு கிலோமீட்டர். மாறுவதற்கு இன்னும் அதிக நேரமுள்ள டிக்கெட் எடுங்கள் என்று டாக்டர் சொன்னார். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இரண்டு நிமிடத்தில் பஸ் மாறுகிறவன் நான் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். கல்யாணம், பெட்டி, சாவி, என் வீட்டுத் தெரு வரை எல்லாவற்றையும் ராத்திரி விமானத்தில் கண்ணாத்தாளிடம் சொல்லியிருந்தேன்.

புதன், காலை 6.40. வளைகுடாவில் இறங்கினோம், அந்த ஊர் நேரம். பெயர் வேண்டாம், ஊர் மேல் எனக்குச் சண்டை இல்லை. திருச்சி விமானம் 7.15க்கு, ஏறும் வாசலை ஏழு மணிக்கே அடைத்துவிடுவார்கள். இடையில் இன்னொரு சோதனை. மான்செஸ்டரில் ஏறும்போது சோதித்ததெல்லாம் கணக்கில் வராது. மாறுகிற இடத்தில் மறுபடி. என் முழங்காலுக்குள் இரும்பு வைத்திருக்கிறார்கள். வளைவுக்குள் நுழைந்ததும் கருவி அலறியது. பை அந்தப் பக்கம் போய்விட்டது, நான் இந்தப் பக்கம். செருப்பைக் கழற்று, கையைத் தூக்கு. மணி 6.50.

என் பாஸ்போர்ட்டையும் போனையும் தட்டிலேயே விட்டுவிட்டு, கண்ணாத்தாள் பையை மட்டும் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "அய்யா, நான் முன்னால ஓடுறேன்."

"ஓடு தாயி! நம்ம ஊரு பஸ்ல படியில ஒரு கால வச்சுக்கிட்டு, ஆள் வருது ஆள் வருதுன்னு நிப்போம்ல? அது மாதிரி நில்லு!"

நின்றாள். நான் நொண்டிக்கொண்டு வந்த நீண்ட நடையின் கடைசியில் அவள் வாசல்கோட்டுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நிற்பது தெரிந்தது. சீருடைக்காரப் பெண் கடிகாரத்தைக் காட்டுகிறாள்.

"அய்யா! நான் ஏறலேன்னா என்னையும் விட்டுட்டுப் போறாகளாம்!"

நூறு அடி இருக்கும். என் கால் அதற்குமேல் வேகம் எடுக்காது.

"சாவி பையில இருக்கு! நீ ஏறு தாயி, ஏறு!"

என்னை ஒரு தரம் பார்த்தாள், ஏறிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் அடைத்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் அசையாமல்தான் நின்றது.

மாற்று டிக்கெட் கவுண்டரில் ஒரு மலையாளத்துக்காரர், நரைத்த மீசை. அவரைப் பிடித்துக் கத்தினேன். "ஒரு கிழவனுக்காக ஒரு நிமிசம் நிக்கக்கூடாதா?"

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "சாரே, காலையில நாப்பது ஊர்ல இருந்து பிளேன் இங்க வரும். உடனே நாப்பது ஊருக்குப் போகும். ஒன்னு நின்னா அதுக்குப் பின்னால இருக்கறதெல்லாம் நிக்கும். உங்க பிளேன் ஏன் லேட்டு?"

"பதினோரு பேருக்காக நின்னுச்சு."

"பாத்தீங்களா?"

"நல்ல மனுசன்" என்று நான் சொன்ன அந்தக் கேப்டன்தான் என்னை இறக்கிவிட்டிருக்கிறார்.

திருச்சிக்கு அடுத்தது மறுநாள் அதே நேரம். நான் போய் இறங்கும்போது பந்திகூட முடிந்திருக்கும். அவர் கணினியைத் தட்டிக்கொண்டே இருந்தார். சென்னை இல்லை, கொச்சி இல்லை, எல்லாம் நிறைந்துவிட்டது. கடைசியில் இரவு 7.50க்குத் திருவனந்தபுரத்துக்கு ஒரே ஒரு இருக்கை. கூடுதல் காசு கேட்கவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு டீ நம் காசுக்கு நானூற்று எழுபது ரூபாய். சக்கர வேலை செய்தவனுக்கு இந்த ஏற்பாட்டை யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நடுவில் குடம், சுற்றி ஆரக்கால்கள். மான்செஸ்டரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் விட்டால் நானும் கண்ணாத்தாளும் இன்னும் நாலு பேரும்தான் ஏறுவோம். குடம் ஒன்று இருப்பதால்தான் எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு ஆரக்கால் ஒடிந்தால் இன்னொன்று தாங்கும். எனக்குத் திருவனந்தபுரம் தாங்கியது. ஆனால் குடத்தில் விரிசல் விட்டால் எல்லா ஆரக்காலும் ஆடும். ஒரு விமானம் ஐம்பது நிமிடம் தாமதித்ததில், காலையில் அந்தக் கூடத்தில் என்னைப் போல எத்தனை பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்!

மதியம் போன் வந்தது. கண்ணாத்தாள். "அய்யா, உங்க வீட்டுலதான் நிக்கேன். சாவிய உங்க தங்கச்சி கையிலயே குடுத்துட்டேன். பெட்டிதான் தொறக்க மாட்டேங்குது."

முப்பது வருட ரகசியத்தை அத்தனை நாட்டுக்காரர்கள் நடுவில் கத்திச் சொன்னேன்: "எடதுபக்கம் ரெண்டு சுத்து, வலதுபக்கம் ஒன்னு, அப்புறம் ஒரு குத்து!" பெட்டி திறந்த சத்தம் எனக்கே கேட்டது. மனது ஆறியது, கூடவே ஏதோ ஒன்று குறைந்தது போலவும் இருந்தது.

வியாழன். திருவனந்தபுரத்தில் இறங்கி வாடகைக் கார் பிடித்தேன். நாச்சியாபுரத்துக்கு முந்நூற்று எழுபது கிலோமீட்டர் என்றார் ஓட்டுநர். பேசியது ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். அவர் நாகர்கோவில்காரர்.

"அண்ணாச்சி, கண்ண மூடிட்டுப் படுங்க. எத்தன கல்யாணத்துக்கு ஓட்டியிருக்கேன்!"

"எத்தனைக்கு நேரத்துல போனீரு?"

"அத மட்டும் கேக்காதீங்க."

கோவில்பட்டி 6.45. மதுரைக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து அரை மணி நேரம் போனது. மேலூர் தாண்டும்போது ஒன்பது ஐந்து. காமாட்சி போனில்.

"எங்கண்ணே வாரீக?"

"மேலூர் தாண்டிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம்."

"மாப்பிள்ள வீட்டுக்காரவுக பத்தரைக்கு மேல இருக்க மாட்டாக. பொண்ண அழைச்சுக்கிட்டுத் தூத்துக்குடி போகணுமாம். நீக வாங்க, நான் ஐயரப் பத்தேகால் வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்."

நிறுத்து என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அந்தப் பதினோரு பேரும் அந்தக் கண்ணாடி வாசலும் கண் முன்னால் வந்தன.

"வேணாம் ஆத்தா. கட்டச் சொல்லு."

போனுக்குள் மேளச் சத்தம் கேட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், வேகத்தைக் கூட்டினார்.

10.05க்குக் கோயில் மண்டபத்தில் இறங்கினேன். தாலி கட்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. காமாட்சி வாசலில் நின்றாள்.

"பிளேன்காரன் நிறுத்தலை, சரி. நான் நிறுத்துறேன்னு சொன்னேன்ல? அதையும் வேணாம்னுட்டீக. என்ன ஆளு நீக!"

"அண்ணன் இருக்கானா, இல்லையா?"

"தின்னுட்டுப் போங்க, அப்புறம் சொல்றேன்" என்றவள் உள்ளே போய் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு மாலையை எடுத்து வந்தாள். மாமன் மாலை. அதை மட்டும் யாரையும் போடவிடாமல் வைத்திருந்தாள். மருமகள் கழுத்தில் போட்டேன். தூத்துக்குடி வேன் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காரைக்குடியில் சாவிக்கடையில் மூன்று மாற்றுச் சாவி போட்டேன், ஒன்று நூற்றைம்பது ரூபாய். ஒன்று பெண்டாட்டிக்கு, ஒன்று மகனுக்கு, ஒன்று காமாட்சிக்கு.

"என்னண்ணே, ஊரவிட்டுப் போறீகளா?" என்றார் கடைக்காரர்.

"அடுத்த மாசம் திரும்ப மான்செஸ்டர்" என்றேன். அதே வளைகுடா வழிதான். மாறுவதற்கு மட்டும் நாலு மணி நேரம் இருக்கிற டிக்கெட்.